லாரி டியூப்பில் மிதந்த ஜன்னல்

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இலக்கியா ஒரு குளத்தின் அடியில் படுத்திருந்தாள்.

அது நிஜக் குளம் இல்லை. திருச்செங்கோட்டுக்கு வெளியே உள்ள ஒரு பொறியியல் கல்லூரியின் ஆய்வுக்கூடம். அவள் படுத்திருந்தது சுவரோரம் கிடந்த நீளமான பெஞ்சு. ஆனால், அண்ணாந்து பார்த்தால் கூரையில் ஒரு வெளிச்சக் குளம் இருந்தது. கிழக்கு ஜன்னல் வழியே வந்த வெயில், மேசைமேல் இருந்த கண்ணாடித் தட்டில் இறங்கி, அதிலிருந்த தண்ணீரைத் தொட்டு, அப்படியே மேலே தாவி, கூரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தது.

குளத்தின் அடியில் கிடக்கும் மீனுக்கு வானம் இப்படித்தான் தெரியும் என்று இலக்கியா நினைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அவளே மீனாக இருந்தாள். வாயைக் குவித்து இரண்டு முறை மூடித் திறந்தாள்.

"மூச்சை மெதுவா உடு சாமி," என்றார் அம்மா, திரும்பிப் பார்க்காமலே. "காத்து அசையக் கூடாது."

மின்விசிறியும் அதற்காகத்தான் நின்றிருந்தது. கதவும் ஜன்னலும் சாத்தியிருந்தன. பங்குனி வெயிலில் அறை இட்லிச் சட்டி மாதிரி வெந்துகொண்டிருந்தது. அம்மாவின் வெள்ளைக் கோட்டு முதுகில் ஒட்டியிருந்தது.

இலக்கியா ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய அம்மா தேவிப்ரியா அந்தக் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியர். வாரநாள்களில் பாடம் நடத்துவார். சனிக்கிழமைகளில் தன்னுடைய ஆராய்ச்சியைச் செய்வார். அப்பாவுக்குப் பள்ளிபாளையத்தில் காகித ஆலை வேலை. அவருக்குப் பகல் ஷிப்ட் வரும் சனிக்கிழமைகளில் இலக்கியா அம்மாவோடு கல்லூரிக்கு வந்துவிடுவாள்.

அம்மாவின் ஆராய்ச்சி ஒரு ஜன்னலைப் பற்றியது.

சூரிய மின்கலத்துக்கு ஒரு சங்கடம் உண்டு. வெயில் உள்ளே வந்தால்தான் அதில் மின்சாரம் பிறக்கும். பிறந்த மின்சாரத்தை வெளியே கொண்டுபோக ஒரு மின்வாய் வேண்டும். மின்சாரம் ஓடுவதற்கு உலோகம் நல்லதுதான். ஆனால், உலோகத் தகட்டைப் போட்டு மூடிவிட்டால் வெயில் எப்படி உள்ளே வரும்? சரி, வெறும் கண்ணாடியைப் போடலாம் என்றால் வெயில் வரும், மின்சாரம் போகாது.

"ஜன்னலும் வேணும், கம்பியும் வேணும். ரெண்டும் ஒண்ணாவே இருக்கோணும்," என்று அம்மா ஒருநாள் தோசை ஊற்றிக்கொண்டே சொன்னார்.

அப்படி ஒரு பூச்சு ஏற்கெனவே இருக்கிறதாம். கைபேசித் திரையில்கூட அதுதான் இருக்கிறதாம். ஆனால், அதை வளைத்தால் விரிசல் விட்டுவிடும். அம்மாவுக்கு வளைகிற ஜன்னல் வேண்டும்.

அதற்குத்தான் கிராஃபீன். பென்சில் முனையில் இருக்கும் அதே கரிதான். அதை ஒரே ஓர் அணுவின் பருமனுக்கு விரித்தால் அதற்குப் பெயர் கிராஃபீன். அப்படிப்பட்ட தாள்களில் இரண்டு லட்சத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் ஒரு தலைமுடியின் பருமன் வரும். அவ்வளவு மெல்லிசு என்பதால் வெயில் அதைக் கண்டுகொள்ளாமல் நுழைந்துவிடும். மின்சாரமோ அதன்மேல் வழுக்கிக்கொண்டு ஓடும்.

இதைக் கேட்ட அன்று இலக்கியா தன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, இரண்டு லட்சம் என்றால் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள எண்ணத் தொடங்கி, நானூற்றுப் பன்னிரண்டில் தூங்கிப்போனாள்.

அன்றிலிருந்து அவளுக்கு எங்கே பார்த்தாலும் அந்த ஜன்னல்தான். வளைகிற ஜன்னல் வந்துவிட்டால் அதைக் குடைமேல் ஒட்டலாம். புத்தகப் பைமேல் ஒட்டலாம். எடப்பாடிக்குப் போகிற பஸ்ஸின் முதுகு முழுக்க ஒட்டலாம். கண்ணுக்கே தெரியாத ஜன்னல்கள் ஊரெல்லாம் திறந்திருக்க, அவற்றின் வழியே வெயில் சத்தமில்லாமல் உள்ளே போய் மின்சாரமாக வெளியே வரும்.

ஆனால், அந்த ஜன்னல் அம்மாவின் கைக்கு இன்னும் வசப்படவில்லை.

பெங்களூரில் ஓர் ஆய்வகத்திலிருந்து அம்மாவுக்கு ஐந்து செப்புத் தகடுகள் வந்திருந்தன. ஒவ்வொன்றும் தபால் தலை அளவு. அவற்றின்மேல்தான் கிராஃபீன் படர்ந்திருந்தது. அதற்குத் துணையாக மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு ஒன்றைப் பூசி, ஒரு திரவத்தில் மிதக்கவிட்டால் செம்பு மட்டும் கரைந்துபோகும். மிச்சமிருக்கும் படலம் மிதக்கும். அதைச் சுத்தமான தண்ணீருக்கு மாற்றி மாற்றிக் கழுவ வேண்டும். கடைசியில், ஒரு தெளிவான பிளாஸ்டிக் தாளைத் தண்ணீருக்குள் சாய்வாக விட்டு, படலத்தை அதன்மேல் ஏந்தி எடுக்க வேண்டும்.

அந்தக் கடைசி வேலைதான் நடக்கவே மாட்டேன் என்றது. போன மூன்று சனிக்கிழமைகளில் மூன்று படலங்கள் மடிந்து கிழிந்துவிட்டன. மிச்சம் இரண்டு.

இப்போது அம்மா நான்காவது படலத்துக்குமேல் குனிந்திருந்தார். கையில் இடுக்கி. இடுக்கியில் பிளாஸ்டிக் தாள். தாள் தண்ணீருக்குள் இறங்கியது. இலக்கியா பெஞ்சிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். தண்ணீரின்மேல் ஏதோ இருக்கிறது என்பதுகூடச் சாய்த்துப் பார்த்தால்தான் தெரிந்தது. கண்ணாடியில் ஊதிய மூச்சு மறைவதற்கு முன் தெரியுமே, அந்த மாதிரி.

தாள் மெதுவாக மேலே வந்தது. படலத்தின் ஓரம் அதைத் தொட்டது. அடுத்த நொடி படலம் கொஞ்சம் நகர்ந்தது, ஒரு மூலை உள்ளே மடங்கியது, நடுவில் கோடு விழுந்தது.

அம்மா அப்படியே நின்றார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு, தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவை யாரோ ஒருவருடைய கைகள் போல.

கொஞ்ச நேரம் கழித்து ஐந்தாவது படலம் இருந்த தட்டைக் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்துவிட்டு, அறையின் மறுகோடிக்குப் போய்த் தன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியரைக் கைபேசியில் அழைத்தார். மெல்லிய குரலில்தான் பேசினார். ஆனால், விசிறி நின்ற அறையில் எல்லாம் கேட்டது.

"என் கைதான் சரியில்லீங்க சார். நடுங்குது போல இருக்குது. இந்த ஒண்ணும் போயிருச்சுன்னா, நான் பாடம் நடத்தறதோட நிறுத்திக்கறேனுங்க."

திங்கள்கிழமை ஆராய்ச்சியைப் பார்வையிட வெளியூரிலிருந்து ஒரு குழு வருகிறது என்று இலக்கியாவுக்குத் தெரியும். அவர்களுக்கு ஒரு மின்கலத்தையாவது காட்ட வேண்டும். இல்லையென்றால், அடுத்த தகடுகளுக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

இலக்கியா மறுபடி படுத்துக்கொண்டாள். அம்மாவின் கைகளைப் பற்றி யோசித்தாள். ஊசியில் நூல் கோக்க அந்தக் கைகளுக்கு இரண்டாம் முறை தேவைப்பட்டதே இல்லை. போன மாதம் அவள் குதிகாலில் ஏறிய முள்ளை அம்மா எடுத்தது அவளுக்குத் தெரியவேயில்லை. எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டிய பிறகுதான் தெரிந்தது. அந்தக் கை நடுங்குமா?

கூரையில் வெளிச்சக் குளம் அசையாமல் இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

குளம் நடுங்கியது.

ஓரத்திலிருந்து நடுவுக்கு, வட்டம் வட்டமாக, பால் குடிக்கும் கன்றின் தோல் சிலிர்ப்பது போல ஒரு சிலிர்ப்பு ஓடியது. கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அடங்கியது. இலக்கியா கண்ணைச் சிமிட்டிக்கொண்டாள். மேசைப் பக்கம் பார்த்தாள். தட்டின் அருகில் யாரும் இல்லை. அம்மா பத்தடி தள்ளி, குழாயடியில் நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

மறுபடி நடுங்கியது. மறுபடி அடங்கியது. மூன்றாவது முறை நடுங்கியபோது இலக்கியாவுக்கு வேறு ஒன்றும் கேட்டது. வெளியே எங்கோ கேட்டுக்கொண்டிருந்த உறுமல், அந்த நேரம் பார்த்துக் கனத்தது.

திருச்செங்கோட்டில் ரிக் வண்டியின் சத்தம் யார் காதிலும் விழாது. எப்போதும் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் காரணம். தண்ணீருக்கு ஆழ்துளைக் கிணறு போடும் இயந்திரத்தைச் சுமந்துகொண்டு வடநாடு வரை போய்வருகிற லாரிகள் அவை. கல்லூரிச் சுவருக்கு அந்தப் பக்கம் அப்படிப்பட்ட வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறை ஒன்று இருந்தது. அங்கே, துளை போடுவதற்குக் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசர் ஒன்று காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. அது உறுமலைக் கூட்டும்போதெல்லாம் கூரையில் குளம் நடுங்கியது. குறைக்கும்போது அடங்கியது.

"அம்மா, இங்க வந்து படு," என்றாள் இலக்கியா.

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டே, மனசு சரியில்லை, சும்மா இரு என்றார். இலக்கியா சும்மா இருந்தாள். அம்மா துண்டை மடித்து வைக்கும் வரை பொறுத்தாள். பிறகு எழுந்துபோய் அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள். தட்டைத் தொட வேண்டாம், எதுவும் செய்ய வேண்டாம், ஒரு நிமிடம் தன்னோடு படுத்தால் போதும் என்றாள்.

பெஞ்சில் இரண்டு பேருக்கு இடம் இல்லை. அதனால் தரையில் படுத்தார்கள். வெள்ளைக் கோட்டோடு அம்மாவும், பள்ளிக்கூட விளையாட்டு டீசர்ட்டோடு மகளும், ஆய்வுக்கூடத்தின் சிமெண்டுத் தரையில் மல்லாந்து கிடந்தார்கள். முதுகுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

"என்ன சாமி பாக்கறது?"

"மேல பாரு. அதுதான் உன் தட்டுத் தண்ணி."

இருவரும் பார்த்தார்கள். உறுமல் கனத்தது. குளம் சிலிர்த்தது.

"அம்மா, உன் கை ரெண்டும் எங்க இருக்குது?"

"வயித்து மேல."

"தண்ணி நடுங்குது பாரு."

உறுமல் குறைந்தது, குளம் அடங்கியது. மறுபடி கனத்தது, மறுபடி சிலிர்த்தது. நாலைந்து முறை அப்படி ஆன பிறகு அம்மா தன் கைகளை மேலே தூக்கி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். விரல்கள் ஜன்னல் கம்பி மாதிரி அசையாமல் நின்றன.

"அப்ப என் கை இல்லியா?" என்றார் மெதுவாக.

"இல்லம்மா. தரைதான்."

அம்மா படுத்தபடியே சிரித்தார். சிரித்து முடித்தபோது அவர் கண்ணோரம் ஈரமாக இருந்தது. தை மாதம் வரை ஆய்வுக்கூடம் வடக்குக் கட்டடத்தில் இருந்தது. இந்தப் பக்கம் மாற்றி வந்த பிறகுதான் எல்லாப் படலமும் கிழிந்தது. அதை யோசிக்காமல் போனேனே என்று சொல்லித் தலையில் தட்டிக்கொண்டார்.

ஆனால், தெரிந்து என்ன செய்ய? மேசையை வேறு இடத்துக்குக் கொண்டுபோக முடியாது. மற்ற அறைகள் பூட்டியிருந்தன. மதியத்துக்குள் படலம் தாள்மேல் ஏறினால்தான் நாளைக்குள் மின்கலத்தின் மற்ற அடுக்குகளை அதன்மேல் ஏற்ற முடியும். அதுவரை கால் மணிக்கு ஒருமுறை தண்ணீரையும் மாற்ற வேண்டும். அம்மா அறையை விட்டு நகர வழியில்லை.

"நான் போயிக் கேட்டுட்டு வாரேன்," என்றாள் இலக்கியா.

கல்லூரிச் சுவரில் ஒரு சின்ன இரும்புக் கதவு இருந்தது. அதைத் தாண்டினால் பட்டறை. ஜன்னலில் நின்றால் அம்மாவுக்கு எல்லாம் தெரியும். அம்மா சற்று யோசித்துவிட்டு, வண்டிகளுக்குக் கிட்டே போகாதே என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.

பட்டறையில் இரண்டு ரிக் வண்டிகள் யானைகள் மாதிரி நின்றிருந்தன. அவற்றின் நடுவே கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. தரை செருப்பு வழியாகக் காலைக் கிச்சுக்கிச்சு மூட்டியது. நிழலில் இரண்டு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர் சென்னியப்பன், அந்த வண்டிகளுக்குப் பொறுப்பாளர். ஒவ்வொரு விரலும் பூவன்பழம் தடிமனில் இருக்கும். இன்னொருவர் டிரைவர் பூபதி.

"ஏனுங்க மாமா, இதைக் கொஞ்ச நேரம் நிறுத்த முடியுங்களா?" என்று இலக்கியா கேட்டாள். சென்னியப்பன் காதில் கையை வைத்துக் காட்டினார். மறுபடி கத்திக் கேட்டாள். மூன்றாவது முறை அவர் எழுந்து சற்றுத் தள்ளி அழைத்துப் போனார்.

"படிக்கறதுக்கு இடைஞ்சலா இருக்குதா அம்மிணி?"

"இல்லீங்க மாமா. தண்ணிக்கு இடைஞ்சலா இருக்குது."

சென்னியப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இலக்கியா முதலிலிருந்து சொன்னாள். ஜன்னலும் கம்பியும் ஒன்றாக இருப்பதைச் சொன்னாள். தலைமுடியைச் சொன்னாள், இரண்டு லட்சத்தைச் சொன்னாள், கூரையில் இருக்கும் குளத்தைச் சொன்னாள். அம்மா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததையும் சொன்னாள். பாதி அவருக்குப் புரியவில்லை. ஆனால், நாலு கிழிந்துவிட்டது, ஒன்றுதான் மிச்சம் என்பது நன்றாகப் புரிந்தது.

அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் முடியாது என்றார். அந்தக் கம்ப்ரசரை அக்கு அக்காகப் பிரித்துச் சேர்த்திருக்கிறார்கள். விடாமல் ஐந்து மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டும். நாளைச் சாயங்காலம் இரண்டு வண்டிகளும் ராய்ப்பூருக்குக் கிளம்புகின்றன.

"அங்க போயி இது நின்னுபோச்சுன்னா, தண்ணிக்குக் காத்துட்டு இருக்கற சனத்துக்கு நான் என்ன சொல்றது சாமி?"

இலக்கியாவுக்குக் கோபம் வரவில்லை. அவர் சொல்வது நியாயமாகத்தான் பட்டது. அங்கேயும் தண்ணீருக்காகத்தான் காத்திருக்கிறார்கள். சரிங்க மாமா என்றாள். ஆனால், திரும்பிப் போகக் கால் வரவில்லை. வெறுங்கையோடு போனால் அம்மா, பரவாயில்லை என்று சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவளுக்கு விருப்பமில்லை.

நின்ற இடத்திலிருந்தே ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வண்டியின் ஏணியைப் பார்த்தாள். குவித்து வைத்த இரும்புக் குழாய்களைப் பார்த்தாள். சென்னியப்பனின் டீ டம்ளர் ஓர் இரும்புப் பீப்பாய்மேல் இருந்தது. டீயின்மேல் வட்ட வட்டமாகச் சின்ன வளையங்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. கூரையில் பார்த்த அதே வளையங்கள்.

பூபதி தான் உட்காரச் செய்துகொண்ட இருக்கை ஒன்று பக்கத்தில் கிடந்தது. காற்றடித்த பழைய லாரி டியூப்பைப் படுக்கப் போட்டு, அதன்மேல் ஒரு பலகையை வைத்திருந்தார். இப்போது அவர் எழுந்து போயிருந்தார். அவருடைய டம்ளர் பலகைமேல் இருந்தது. அதில் பாதி டீ மிச்சமிருந்தது.

அந்த டீயில் வளையம் இல்லை.

இலக்கியா இந்த டம்ளரைப் பார்த்தாள். அந்த டம்ளரைப் பார்த்தாள். குனிந்து, மூக்கு டம்ளரில் படுகிற அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள்.

"டீ வேணுமா சாமி?" என்றார் சென்னியப்பன்.

"இல்லீங்க மாமா. டீயைப் பாக்கறேன்."

அவரும் குனிந்து பார்த்தார். இலக்கியா அவருடைய டம்ளரை எடுத்துப் பலகைமேல் வைத்தாள். வளையங்கள் மெல்ல மறைந்தன. பூபதியின் டம்ளரை எடுத்துப் பீப்பாய்மேல் வைத்தாள். அதில் வளையங்கள் வந்தன. சென்னியப்பன் தானே ஒருமுறை மாற்றி வைத்துப் பார்த்தார். பிறகு இன்னொரு முறை. முப்பது வருடமாக ரிக் வண்டியோடு இருக்கிறார். இரண்டு டம்ளர் டீயை அவர் இப்படிப் பார்த்ததில்லை.

"உள்ள இருக்கற காத்து நடுக்கத்தை வாங்கிக்குதுங்க," என்றாள் இலக்கியா. "மேல உடறதில்லை."

பிறகு, அந்த டியூப்பையும் பலகையையும் மத்தியானம் வரை கொடுப்பீர்களா என்று கேட்டாள்.

சென்னியப்பன் டியூப்பைத் தோளில் மாட்டிக்கொண்டார். இலக்கியா பலகையைத் தூக்கிக்கொண்டாள். ஆய்வுக்கூட வாசலுக்கு வந்ததும் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கிரீஸ் படிந்த தன் காலைப் பார்த்து, உள்ளே வராமல் நின்றுகொண்டார். டியூப்பிலும் கிரீஸ். இலக்கியா வெளிக் குழாயில் சோப்புப் போட்டு அதைத் தேய்த்துக் கழுவினாள். பெரிய கறுப்பு எருமையைக் குளிப்பாட்டுவது மாதிரி இருந்தது. தன் பாவாடையும் நன்றாக நனைந்துவிட்டதை அவள் கவனிக்கவில்லை.

அம்மா நடந்ததைக் கேட்டார். உடனே மேசையைக் காலி செய்தார். டியூப் மேசைமேல் ஏறியது. டியூப்மேல் பலகை. பலகைமேல், மூச்சைப் பிடித்துக்கொண்டு அம்மா கொண்டுவந்து வைத்த கண்ணாடித் தட்டு.

மூவரும் கூரையைப் பார்த்தார்கள். சென்னியப்பன் வாசலிலிருந்தே கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

வெளியே உறுமல் கனத்தது. குளம் நடுங்கியது. முன்பு போல இல்லை, கொஞ்சமாகத்தான். ஆனால் நடுங்கியது.

அம்மாவின் முகம் வாடியது. இலக்கியா மேசையருகே போய் டியூப்பை விரலால் அழுத்தினாள். கல் மாதிரி இருந்தது. பூபதி கனமான ஆள், அவர் உட்கார்ந்தபோது அது அமுங்கியிருக்கும். ஒரு தட்டுத் தண்ணீருக்கு இவ்வளவு காற்று எதற்கு?

"மாமா, கொஞ்சம் காத்தைப் புடுங்கி உட்டா என்னங்க?"

கேட்டதும் அம்மா தட்டைத் தூக்கிக்கொண்டார். சென்னியப்பன் கால் கறையை மறந்து உள்ளே வந்து வால்வை அழுத்தினார். புஸ்ஸென்று காற்று இறங்கியது. பலகை ஒரு பக்கம் சாய்ந்தது. இலக்கியா தன் கணக்கு நோட்டை அடியில் கொடுத்துச் சமப்படுத்தினாள். தட்டு மறுபடி பலகைமேல் ஏறியது. தொட்டால் படகு மாதிரி மெதுவாக அசைந்தது, பிறகு நின்றது.

உறுமல் கனத்தது.

கூரையில் குளம் அப்படியே இருந்தது. ஓர் இலைகூட விழாத குளம். உறுமல் இன்னும் கனத்தது. குளம் தூங்கிக்கொண்டிருந்தது.

அம்மா புதுக் கையுறை மாட்டிக்கொண்டார். இடுக்கியை எடுத்தார். தெளிவான பிளாஸ்டிக் தாள் தண்ணீருக்குள் இறங்கியது, மீன் போவது போல. அது படலத்துக்கு அடியில் போய்ச் சாய்ந்து நின்றது. பிறகு மேலே வரத் தொடங்கியது. எவ்வளவு மெதுவாக என்றால், அது வருகிறதா இல்லையா என்று இலக்கியாவுக்குச் சந்தேகமே வந்துவிட்டது. நேரம் என்பது தேன் மாதிரி கெட்டியாகிவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. வாசலில் சென்னியப்பன் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

படலத்தின் ஓரம் தாளைத் தொட்டது. ஒட்டியது. தாள் மேலே வர வர, தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்து இறங்க, படலம் படுக்கையில் போர்வை விரிப்பது போல விரிந்துகொண்டே வந்தது. கடைசித் துளி சொட்டி விழுந்தது.

அம்மா அதை வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தார். ஒரு மடிப்பு இல்லை. ஒரு கோடு இல்லை.

அதை மூடி போட்ட கண்ணாடிப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்த பிறகு அம்மா முதலில் செய்த காரியம், மின்விசிறியைப் போட்டதுதான். மூன்று பேரும் அதற்குக் கீழே கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள். அம்மாவின் இரண்டு கைகளும் இலக்கியாவின் தோளில் இருந்தன. அவை இப்போதுதான் கொஞ்சம் நடுங்கின.

அன்று மாலையும் மறுநாள் காலையும் அம்மாவுக்கு வேலை இருந்தது. படலத்துக்குத் துணையாக இருந்த பிளாஸ்டிக் பூச்சைக் கரைத்து நீக்கினார். கையை மட்டும் உள்ளே விட்டு வேலை செய்யும் பெரிய கண்ணாடிப் பெட்டிக்குள், கிராஃபீன்மேல் ஒவ்வோர் அடுக்காக ஏற்றினார். கடைசியில் பின்பக்கத்துக்கு ஒரு மெல்லிய வெள்ளிப் பூச்சு. ஞாயிறு மதியம் மூன்றரை மணிக்கு அது தயாரானது. நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய, வளைகிற ஒரு சூரிய மின்கலம்.

முதலில் அதை எங்கே கொண்டுபோய்ப் பார்க்கலாம் என்று அம்மா கேட்டார். இலக்கியா இரும்புக் கதவைப் பார்த்து நடந்தாள்.

பட்டறையில் இரண்டு வண்டிகளும் கழுவித் துடைத்து, சாலையைப் பார்த்து நின்றிருந்தன. கம்ப்ரசர் தன் ஐந்து மணி நேரத்தை நல்லபடியாக ஓடி முடித்திருந்தது. அம்மா ஒரு மீட்டரை இரும்புப் பீப்பாய்மேல் வைத்து, மின்கலத்திலிருந்து வந்த இரண்டு மெல்லிய கம்பிகளை அதில் இணைத்தார். இது ரொம்பச் சின்னது, ஒரு பல்புகூட எரியாது, மீட்டரில் முள் நகர்வதை மட்டும்தான் பார்க்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

சென்னியப்பன் நன்றாகப் பார்க்க வேண்டும் என்று குனிந்தார். முள் அசையவில்லை.

"மாமா, நீங்க வெயிலை மறைக்கறீங்க," என்றாள் இலக்கியா.

அவர் அவசரமாக விலகினார். வெயில் மின்கலத்தின்மேல் விழுந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஜன்னலைத் தாண்டி உள்ளே போனது. முள் கனவிலிருந்து எழுந்திருப்பவரைப் போல மெதுவாக நகர்ந்து, ஏறி, ஓர் இடத்தில் நின்றது.

அம்மா இலக்கியாவைப் பார்த்தார். இலக்கியா முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வளைச்சுப் பாக்கலாமாம்மா?" என்றாள்.

அம்மா சென்னியப்பனிடம் விரலை நீட்டச் சொன்னார். அவர் தயங்கினார். தன் கை முரட்டுக் கை, கிழிந்துவிடும் என்றார். ஒன்றும் ஆகாது, இது வளைவதற்கென்றே செய்தது என்று சொல்லி, அம்மா அவருடைய தடித்த கட்டைவிரல்மேல் மின்கலத்தை மோதிரம் மாதிரி வளைத்துப் பிடித்தார். ஒரு நொடி முள் ஊசலாடியது. பிறகு பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

சென்னியப்பன் விரலை நீட்டியபடி சிலை மாதிரி நின்றார். கண் இமைக்கக்கூட மறந்துவிட்டார்.

முன்னால் நின்ற வண்டியிலிருந்து பூபதி ஹாரன் அடித்தார். ராய்ப்பூருக்குக் கிளம்பும் நேரம் தாண்டிவிட்டது. இரண்டாவது முறையும் அடித்தார்.

"இரு பூபதி," என்றார் சென்னியப்பன், விரலிலிருந்து கண்ணை எடுக்காமல். "கையில வெயிலு ஓடிட்டு இருக்குது."

அன்று இரண்டு வண்டிகளும் கால் மணி நேரம் தாமதமாகத்தான் கிளம்பின.